அனஸ்ரசோல் போட்டு ஈஸ்ரஜனை அடக்கினாத் தசை கூடுமோ?

கேள்வி:
கொக்குவில் பக்க ஜிம் ஒண்டில, கிழமைக்கு 500 மில்லிகிராம் ரெஸ்ரொஸ்ரெரோன் ஊசி போடுற பெடியனுக்கு முதல் நாளே, ஈஸ்ரஜன் உருவாகிறதைத் தடுக்கிற அனஸ்ரசோல் குளுசையும் குடுத்திருக்கினம். 1 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள். ஈஸ்ரஜன் தசையைக் கரைச்சுப்போடுமாம். இப்ப ஆறாம் கிழமை. முழங்காலும் தோள்மூட்டும் நோகுது, படி இறங்கேக்க கைபிடி வேணும், தூக்கிற பாரமும் ஏறேல்லை. குளுசையைக் கூட்டுறதோ, நிப்பாட்டுறதோ?

பதில் 1:
கூட்டவே கூடாது தம்பி. ஈஸ்ரஜன் அடிமட்டத்துக்கு விழுந்தா மூட்டு இப்பிடித்தான் நோகும். மார்புப் புற்றுநோய்க்கு அனஸ்ரசோல் குடிக்கிற பெண்களும் இதே நோவைத்தான் சொல்லுறவை. ரெஸ்ரொஸ்ரெரோனில ஒரு பங்கை அரோமற்றேஸ் நொதியம் எஸ்ரடயோலா, அதாவது ஈஸ்ரஜனின்ர முக்கிய வகையா மாத்துது. அனஸ்ரசோல் தடுக்கிறது அந்த நொதியத்தைத்தான். கொழுப்புக் கூடின உடம்பில இன்னும் கூட மாறும். எலும்பைக் காக்கிறதும், வளர்ச்சியைத் தூண்டுற ஐஜிஎஃப்-1 ஹோமோனை உயர்த்த உதவுறதும் அந்த எஸ்ரடயோல்தான். 1996இல பாசின் எண்ட ஆய்வாளரின்ர குழு கிழமைக்கு 600 மில்லிகிராம் வீதம் பத்துக் கிழமை ஊசி போட்டு, பயிற்சியும் செய்வித்தவை. கொழுப்பில்லாத நிறை சராசரி 6.1 கிலோ கூடினது. அனஸ்ரசோல் ஒரு துளியும் குடுக்கேல்லை.

பதில் 2:
அண்ணை சொன்னது சரி, ஆனா ஈஸ்ரஜன் ஏற ஏறத் தசையும் ஏறும் எண்டு எடுத்திடாதேங்கோ. 2013இல ஃபிங்கெல்ஸ்ரீன் எண்ட ஆய்வாளரின்ர குழு ஆம்பிளையளின்ர சொந்த ஹோமோனை நிப்பாட்டி, ரெஸ்ரொஸ்ரெரோன் ஜெல்லை வேற வேற அளவில குடுத்து, ஒரு பகுதிக்கு அனஸ்ரசோலும் சேத்துப் பாத்தவை. தசையும் பலமும் ரெஸ்ரொஸ்ரெரோனின்ர அளவைத்தான் பின்பற்றினது. ஈஸ்ரஜன் இல்லாதவைக்கு ஏறினது கொழுப்பு. அதேநேரம் அமெரிக்காவில இறைச்சி மாட்டுக் காதுத்தோலுக்குக் கீழ வைக்கிற மருந்து ஒண்டில தசை வளர்க்கிற ஸ்ரெரொயிட்டான ரென்போலோன் அசற்றேற் 120 மில்லிகிராமோட 24 மில்லிகிராம் எஸ்ரடயோலும் இருக்கு. தசையைக் கரைக்கிற சாமானெண்டா அதை ஏன் சேக்கினம்?

பதில் 3:
குளுசையை மட்டும் நிப்பாட்டி ஊசியை அப்பிடியே விட்டா எஸ்ரடயோல் துள்ளும். ரெண்டையும் வைத்தியரிட்டக் கேட்டு நிப்பாட்டுங்கோ. அனஸ்ரசோலின்ர அரை ஆயுள் ரெண்டு நாளளவு, பத்து நாளில கழுவுப்பட்டிடும். எஸ்ரடயோல் கூடினா ஆம்பிளைக்கும் மார்புச் சுரப்பி வளரலாம், அதால முலைக்காம்புக்குப் பின்னால விரலால அமத்திப் பாக்கச் சொல்லுங்கோ. ரப்பர் வில்லை மாதிரித் திரண்டு நொந்தாத் தாமதிக்க வேண்டாம். ஒரு வருசம் போனா நாராகி, வெட்டித்தான் எடுக்கோணும்.

லாப்பில சாதாரண எஸ்ரடயோல் சோதனை பெண்களின்ர அளவுக்கு அமைஞ்சது, ஆம்பிளையளின்ர குறைஞ்ச அளவில பிழைக்கும். இன்னும் துல்லியமா அளக்கிற எல்சி-எம்எஸ் முறை இருக்கோ எண்டு கேளுங்கோ. ஈமற்றோகிறிற் (இரத்தத்தில சிவப்பணுவின்ர பங்கு), எச்டிஎல் (நல்ல கொலஸ்ரரோல்) ரெண்டையும் சேத்துப் பாருங்கோ.

போதனா வைத்தியசாலைக்குப் போனா, போட்டது என்ன, எவ்வளவு எண்டதை ஒளிக்க வேண்டாம். ஊசி நிண்ட பிறகு விதையைத் தூண்டுற எல்எச் ஹோமோனும் ரெஸ்ரொஸ்ரெரோனும் சேந்து விழுந்து கிடக்கும். காரணம் தெரியாட்டி எல்எச் சுரக்கிற, மூளைக்கடியில இருக்கிற பிற்றியூட்டரிச் சுரப்பியில கட்டியோ எண்டு தேட வெளிக்கிடுவினம்.