போட்ஸ்வானாவின் வைரமும் சாம்பியாவின் தாமிரமும்: தலைவரின் படிப்பு எவ்வளவு தூரம் காரணம்?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் வளர்ச்சிப் பொருளியல் பாடம் எடுக்கிறேன். 1964இல் விடுதலை பெற்ற சாம்பியா, அப்போதே பெரும் தாமிரச் சுரங்கங்களைக் கையில் வைத்திருந்தது. 1966இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானாவோ உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. இருபதே ஆண்டுகளில் இந்த நிலை தலைகீழாக மாறிவிட்டது. போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டனிலும் சட்டம் படித்தவர், சாம்பியாவின் முதல் குடியரசுத் தலைவர் கென்னத் காவுண்டா பள்ளி ஆசிரியர், வேறுபாடு அதில்தான் இருக்கிறது என்று என் மாணவர்களில் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த வாதம் நிற்குமா?

கணக்குப்பிள்ளை:

நிற்காது, ஐயா. போட்ஸ்வானாவையே எடுத்துக்கொள்ளுங்கள். காமாவின் ஆட்சியில் துணைக் குடியரசுத் தலைவராக இருந்து நிதித்துறையைக் கவனித்தவரும், 1980 முதல் 1998 வரை தாமே நாட்டை ஆண்டவருமான குவெட் மசிரே பல்கலைக்கழகப் படி ஏறாதவர். ஆசிரியராகவும் விவசாயியாகவும் இருந்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். கானாவில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்ற சமூகவியல் பேராசிரியரான கோஃபி புசியா அங்கே பிரதமராக இருந்தபோது கோக்கோ விலை சரிந்தது. 1971 டிசம்பரில் அவர் நாணய மதிப்பைக் குறைத்தார், 1972 ஜனவரி 13 அன்று இராணுவம் அவரைக் கவிழ்த்தது.

காமாவை நான் மதிப்பது வேறொரு காரணத்துக்காக. 1967இல் கனிம உரிமைகள் இனக்குழுக்களிடமிருந்து அரசின் கைக்கு மாற்றப்பட்டன. அதே ஆண்டு ஒராபாவில் கண்டுபிடிக்கப்பட்ட வைரம் அவருடைய சொந்த பமங்வாட்டோ மக்களின் நிலத்தில்தான் கிடந்தது. தம் குலத்துக்குப் போயிருக்கக்கூடிய செல்வத்தை நாட்டுக்கு எழுதிவைத்தவர் என்பதால்தான், பிற குழுக்களிடமும் அதையே கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது. வைரச் சுரங்க நிறுவனத்தில் 15 விழுக்காடாக இருந்த அரசின் பங்கு, 1975இல் பேரம் பேசி 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இத்தகைய துணிவை எந்தப் பல்கலைக்கழகமும் பட்டத்தோடு சேர்த்துக் கொடுப்பதில்லை.

கிட்வே மகள்:

என் தந்தை சாம்பியாவின் கிட்வே நகரில் கணித ஆசிரியராக இருந்தார். நான் வளர்ந்ததும் அங்கேதான். கடைக்குச் சமையல் எண்ணெய் வந்திருக்கிறது என்ற செய்தி தெருவில் பரவியதும் அம்மா காலிப் புட்டியை என் கையில் திணித்து ஓடச் சொல்வார். பெரும்பாலும் வரிசையின் பாதியிலேயே எண்ணெய் தீர்ந்துவிடும். 1986 டிசம்பரில் மக்காச்சோள மாவின் விலை உயர்ந்து, எங்கள் தாமிரச் சுரங்கப் பகுதியான காப்பர்பெல்ட் முழுவதும் கலவரம் வெடித்தபோது, நாங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தோம்.

இவ்வளவும் பட்டபிறகும் காவுண்டாவின் படிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தாமிரத்திலிருந்தே வந்தது. 1974இன் உச்சத்திலிருந்து அடுத்த ஆண்டுக்குள் அதன் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்குச் சற்று முன்னர்தான் எண்ணெய் விலை ஏறியிருந்தது. 1965இல் தெற்கு அண்டை நாடான ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்த பிறகு தெற்கே துறைமுகங்களுக்குச் செல்லும் வழியும் இடர்ப்பட்டது. தான்சானியா வழியான இருப்புப்பாதை முடிய 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைரமோ அப்படியல்ல. டி பியர்ஸ் நிறுவனம் சந்தைக்கு விடும் அளவைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கிப் பிடித்துவந்தது. தாமிரத்துக்கு அப்படி ஒரு தாங்கல் இருக்கவில்லை.

ஆனால், விலை மீண்டும் ஏறிவிடும் என்று நம்பிக் கடன்மேல் கடன் வாங்கியது அவருடைய அரசின் பெரும்பிழை. அதை நான் மறைக்க மாட்டேன்.

வைகைக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. சாம்பியா 2020இல் கடன் தவணையைக் கட்டத் தவறியது. 2021இல் பொருளியல் பட்டதாரியான ஹக்காயிண்டே ஹிச்சிலேமா பதவிக்கு வந்து, கடன்காரர்களோடு பேசி மறுசீரமைப்புச் செய்தார். அதில் படிப்புக்குப் பங்கே இல்லையா?

கணக்குப்பிள்ளை:

பங்கு உண்டு, பேச்சுவார்த்தை மேசையில் அது கட்டாயம் உதவும். ஆனால் இப்போது போட்ஸ்வானாவைப் பாருங்கள். ஆய்வகத்தில் செய்த வைரங்கள் பெருகி இயற்கை வைரத்தின் விலை வீழ்ந்திருந்த வேளையில், 2024 தேர்தலில் 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி தோற்றது. புதிதாக வந்த டூமா போகோ ஹார்வர்டில் சட்டம் படித்தவர். அந்தப் பட்டத்தைக் கண்டு வைர விலை ஏறிவிடப் போவதில்லை.

கிட்வே மகள்:

மாணவர்களுக்கு ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள், ஐயா. ஒரு பத்தியில் ஆண்டுவாரியாகத் தாமிர விலை, அடுத்ததில் அரசின் கடன், மூன்றாவதில் ஆட்சியிலிருந்தவரின் பெயரும் படிப்பும். மக்கள்தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: விடுதலையின்போது சாம்பியாவில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், போட்ஸ்வானாவில் ஆறு லட்சம்கூட இல்லை. 1986ஆம் ஆண்டின் வரிசைக்கு எதிரே எங்கள் காலிப் புட்டியையும் குறித்துவையுங்கள்.