கோர்தோபாவில் ஒரு புதன்கிழமை: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவோடு ஒரு நாள் முழுக்க ஸ்பெயினின் கோர்தோபாவில் இருக்கப் போகிறேன். அவசரமே இல்லாமல் சுற்ற வேண்டும். காலை 8.30 முதல் 9.30 வரை பழைய மசூதியாக இருந்து இப்போது தேவாலயமாக உள்ள மெஸ்கீத்தாவுக்குக் கட்டணமில்லை. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் அந்த இரட்டை வளைவுகளின் கீழே, 850க்கும் மேற்பட்ட தூண்களுக்கு நடுவில் அம்மா நிற்பதைப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. அந்த ஒரு மணி நேரம் போதுமா, டிக்கெட் வாங்கி நிதானமாகப் போகவா?

அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் வலி. பழைய யூதர் தெருக்களில் கூழாங்கல் பதித்த தரை. எந்தத் தெரு நடக்கச் சுலபம்? மதியம் மெஸ்கீத்தாவின் ஆரஞ்சு மர முற்றத்தில் உட்கார இடம் கிடைக்குமா? அம்மா சைவம், சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளி சூப்பை முட்டையும் பன்றி இறைச்சியும் தூவாமல் கேட்டால் தருவார்களா?