கெட்ட பெயர் எடுத்த கார்களையே நான் ஏன் தேடிப் போகிறேன்?

கியர்பித்தன்

போன ஞாயிறு மாப்பிள்ளைக்கு (தங்கை வீட்டுக்காரர்) பழைய கார் பார்க்கக் கூடப் போனேன். கையில் மூன்றரை லட்சம். ஸ்விஃப்ட் டீசல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆறு வண்டி பார்த்தோம். முதல் வண்டியில் ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடல் ரப்பரும் வழுவழுவென்று தேய்ந்திருக்கின்றன, மீட்டரோ 58,000 என்கிறது. இரண்டாவதில் ரேடியேட்டர், முன்கண்ணாடி, இரண்டு ஹெட்லைட் எல்லாம் புதுசு. "லேசா டச்சப் பண்ணது சார்" என்றார் புரோக்கர். மூன்றாவது டாக்டர் ஓட்டிய வண்டியாம். நான்காவதும் டாக்டர் வண்டிதான். இந்த ஊர் டாக்டர்கள் வைத்தியம் பார்ப்பார்களா, கார் மட்டும் விற்பார்களா தெரியவில்லை.

விலையைக் குறையுங்கள் என்றால் எல்லோரும் ஒரே பதில்: "கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம் சார்."

அதே தெருவில் ஒரு ஃபியட் புன்ட்டோ. ஒரே ஓனர். சர்வீஸ் பில் எல்லாம் வரிசையாகக் கோப்பில் இருக்கிறது. விலை அந்த ஸ்விஃப்ட்டில் பாதிதான். இத்தனைக்கும் இரண்டிலும் இருப்பது ஒரே 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். ஃபியட் வடிவமைத்தது, மாருதி உரிமம் வாங்கிச் செய்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா எல்லாவற்றிலும் அதுதான் ஓடியது. மாருதி பேட்ஜ் இருந்தால் தங்கம், ஃபியட் பேட்ஜ் இருந்தால் தலைவலி என்றால் என்ன நியாயம்?

பழைய கார் சந்தையில் விலையை வைப்பது ஊர்ப் பேச்சுதான். அதனால் நல்ல பெயர் எடுத்த காரின் கெட்ட வண்டியை விட, கெட்ட பெயர் எடுத்த காரின் நல்ல வண்டியே எனக்குப் போதும்.

கணக்குப்பிள்ளை

இன்ஜின் ஓடினால் கார் ஓடிவிடுமா சார்? ஸ்விஃப்ட்டுக்கு லோயர் ஆர்ம், பவர் விண்டோ சுவிட்ச், கதவு கைப்பிடி எது வேண்டுமானாலும் சென்னை ஜி.பி. ரோட்டில் பத்துக் கடையில் கிடைக்கும், விலையும் பேசலாம். புன்ட்டோவுக்கு? பி.எஸ்.6 என்ற புகை விதி வருவதற்குள் ஃபியட் கார்கள் இங்கே நின்றுவிட்டன. ஹெட்லைட் உடைந்தால் புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டியைத் தேடிப் போக வேண்டும்.

என் கதையையும் கேளுங்கள். பெயர் வேண்டாம், ஒரு ஐரோப்பிய செடான். பாதி விலைக்குக் கிடைத்தது என்று நானும் உங்களைப் போலவே துள்ளினேன். மே மாதம், திண்டிவனம் தாண்டி, அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள். கியர் விளக்கு மின்னியது, வண்டி நியூட்ரலுக்குப் போனது, அவ்வளவுதான். நிழலுக்கு ஒரு புளியமரம்கூட இல்லை, நாலுவழிச் சாலைக்காக வெட்டிவிட்டார்கள். இழுவை வண்டி வர மூன்று மணி நேரம். பாகம் வர 41 நாள். அந்த 41 நாளும் ஆபீசுக்குக் கால் டாக்சி. வாங்கும்போது மிச்சம் பிடித்தது முழுக்க அதிலேயே போய்விட்டது.

நீங்கள் தனி ஆள், ஆர்வம் இருக்கிறது, கூட இன்னொரு வண்டியும் நிற்கிறது. வீட்டுக்கு ஒரே கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

கியர்பித்தன்

இன்னொரு வண்டி நிற்பது உண்மை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வாங்குவதற்கு முன் அந்த கியர்பாக்ஸின் வரலாற்றைப் பார்த்தீர்களா? சர்வீஸ் பில் இருந்ததா?

கணக்குப்பிள்ளை

இருந்தது. கடைசி இரண்டு வருட பில் மட்டும் இல்லை. அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கியர்பித்தன்

அந்த இரண்டு வருடம்தான் சார் நீங்கள் புளியமரம் தேடிய இடம்.

பீளமேடு ஒர்க்‌ஷாப்

இருபத்தி இரண்டு வருடமாக ஸ்பானர் பிடிக்கிறேன். இரண்டு பேரும் பிராண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் கண்ணுக்குத் தெரிவது பாகம்.

உதாரணத்துக்கு ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 7 வேக உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. (ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் கியர்பாக்ஸ்). 2013இல் உலகம் முழுக்க 16 லட்சம் கார்கள் வரை திரும்ப அழைத்தார்கள். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில் நின்று நின்று ஓடும்போது, கியர்பாக்ஸில் இருந்த செயற்கை ஆயிலால் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம் என்பதால் மினரல் ஆயில் மாற்றினார்கள். வெயில், புழுக்கம், நின்று நின்று ஓடுவது. இது சென்னையா, வேறு ஊரா, நீங்களே சொல்லுங்கள். ஃபோர்டின் உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் அப்படித்தான். அதைப் பற்றி வந்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலியாவில் 2018இல் நீதிமன்றம் ஒரு கோடி டாலர் அபராதம் போட்டது. இங்கே ஈகோஸ்போர்ட்டில் 2017இல் அதை எடுத்துவிட்டு டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) வைத்தார்கள்.

அதே நிறுவனங்களின் மேனுவல் கியர் வண்டிகள் என்னிடம் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் வருகின்றன, ஆயில் மாற்றிக்கொண்டு போகிறார்கள். ஆக ஃபோர்டு கெட்டதா என்று கேட்காதீர்கள். எந்த வருடம், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று கேளுங்கள்.

மல்டிஜெட்டும் சும்மா இல்லை. டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை. ஆனால் ஆயிலைத் தள்ளிப் போட்டவன் வண்டியில் செயின் சத்தம் போடும். அதற்கு மாருதி பேட்ஜ், ஃபியட் பேட்ஜ் என்று வித்தியாசம் தெரியாது.

மடிப்பாக்கம் மல்லிகா

சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்கலாமா? என் முதல் கார். மடிப்பாக்கத்திலிருந்து சிறுசேரி வரை தினமும் போய் வர வேண்டும், ஆட்டோமேட்டிக் கட்டாயம். 2016 போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஒன்று வந்திருக்கிறது. 52,000 கிலோமீட்டர், நாலே முக்கால் லட்சம் சொல்கிறார்கள். சிவப்புக் கலர். பார்த்ததும் பிடித்துவிட்டது. மேலே அண்ணன் சொன்ன கியர்பாக்ஸ் இதில்தான் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

அதேதான். ஓடிவிடுங்கள்.

கியர்பித்தன்

ஓட வேண்டாம், ஓட்டிப் பாருங்கள்! 105 பி.எஸ். பவர், கியர் மாறுவதே தெரியாது. அந்த விலைக்கு அந்தச் சுகம் வேறு எந்த ஆட்டோமேட்டிக்கிலும் கிடையாது. கெட்ட பெயரால்தான் இந்த விலைக்கு இறங்கியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அந்தச் சுகத்தைத் துரைப்பாக்கம் சிக்னலில் எப்படி அனுபவிப்பார்கள் சார்? அதே போலோவுக்கு 2020இல் 1.0 டி.எஸ்.ஐ. வந்தபோது கம்பெனியே டி.எஸ்.ஜி.யை விட்டுவிட்டு டார்க் கன்வர்ட்டருக்குப் போனது. செய்தவர்களே மாற்றிய பிறகு நாம் ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?

கியர்பித்தன்

அதே கம்பெனி 2021இல் டைகுனில் 1.5 இன்ஜினோடு திரும்பவும் 7 வேக டி.எஸ்.ஜி.யைத்தான் வைத்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

அதற்கு வாரண்டி இருக்கிறது என்று சொல்கிறேன். மல்லிகா அவர்கள் வாங்கப் போகும் வண்டிக்கு என்ன இருக்கிறது? புரோக்கரின் சிரிப்பு மட்டும்தான்.

பீளமேடு ஒர்க்‌ஷாப்

அம்மா, உங்கள் வழி முழுக்க ஊர்ந்து போகும் வழி. உலர் கிளட்ச் சூடாவது அப்படி ஊரும்போதுதான். ஹைவேயில் ஓட்டுபவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். கிராண்ட் ஐ10 பெட்ரோலில் பழைய 4 வேக டார்க் கன்வர்ட்டர் ஒன்று வந்தது. அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மெதுவான கியர்பாக்ஸ், பெட்ரோலும் கொஞ்சம் குடிக்கும், ஆனால் அந்த நெரிசலுக்கு அது பொறுக்கும்.

போலோவைப் பார்க்கப் போவதென்றால், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கனவே சூடாக இருந்தால் அங்கே எதையோ மறைக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. ஐந்து நிமிட ரவுண்டுக்குச் சம்மதிக்காதீர்கள். முப்பது நாற்பது நிமிடம், நல்ல நெரிசலில், ஒரு மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்து, ரிவர்ஸிலும் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறினால் கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது. ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கணக்குப்பிள்ளை

என் தொழில் கணக்கு என்பதால் காகிதத்தைப் பற்றி நானும் சொல்கிறேன். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் வரை ஏறியிருக்கும். ஒரே ஓனர் வைத்திருந்த வண்டியில் போன வருடம் போனஸ் பூஜ்யம் என்று இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது, என்னவென்று கேளுங்கள். (கை மாறிய வண்டியென்றால் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும், அது வேறு கதை.) டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. மீட்டர் 25,000 காட்டும் வண்டியில் நாலு டயரும் ஒரு முறை மாறியிருந்தால் நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

வேளச்சேரி வாசி

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சென்னை வண்டியென்றால் முதல் கேள்வி, வெள்ளம் வந்த 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அது எங்கே நின்றது? எங்கள் அபார்ட்மெண்ட் கீழ்த்தளத்தில் மட்டும் பதினொரு கார் மூழ்கியது. எல்லாம் கழுவிக் காயவைத்து எங்கேயோ விற்பனைக்குப் போயிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். கார்ப்பெட்டைத் தூக்குங்கள், ஸ்டெப்னி குழியைப் பாருங்கள், சீட் அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே வாசனைத் திரவம் தூக்கலாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

கொங்கு டீசல்

டெல்லி வண்டிகளைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். இங்கே கோவையில் டி.எல். நம்பர் வண்டிகள் வந்து குவிகின்றன. அங்கே 10 வருடத்துக்கு மேலான டீசலும் 15 வருடத்துக்கு மேலான பெட்ரோலும் ஓடக்கூடாது என்ற தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது, 2025இல்தான் கொஞ்சம் தளர்த்தியது. அந்தத் தடைக்குப் பயந்து ஒன்பது வருட டீசலைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு ஒரு பெரிய ஜெர்மன் வண்டி மேல் ஆசை.

பீளமேடு ஒர்க்‌ஷாப்

தம்பி, கார் விலை இறங்கும், பாகத்தின் விலை இறங்காது. நாற்பது லட்சத்து வண்டியை ஏழு லட்சத்துக்கு வாங்கினாலும் ஏர் சஸ்பென்ஷன் அதன் பழைய விலைக்குத்தான் வரும். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் வாருங்கள், சர்வீஸ் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கியர்பித்தன்

நம்பகமான பிராண்டை வாங்கினால் சோதிக்கவே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. டகாட்டா என்ற கம்பெனியின் ஏர்பேக் வெடித்துச் சிதறிய விவகாரத்தில் ஹோண்டாவும் டொயோட்டாவும் எத்தனையோ கார்களைத் திரும்ப அழைத்தன, இங்கேயும்தான். பழைய சிட்டி, ஜாஸ் வாங்குபவர்கள் அந்த ஏர்பேக் மாற்றியாகிவிட்டதா என்று சேஸிஸ் நம்பரை வைத்துக் கேட்க வேண்டும். கேட்பவர் எத்தனை பேர்? "ஹோண்டா இன்ஜின் சாகாது" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை

அது சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏர்பேக்கை இலவசமாக மாற்றிக் கொடுக்க அந்தக் கம்பெனி இன்னும் இங்கே இருக்கிறதே.

மடிப்பாக்கம் மல்லிகா

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விட்டேன், கூடவே அலுவலக நண்பர், ஸ்கேனரோடு. பானெட் சூடாக இருந்தது. "செக் பண்ணி வச்சோம் மேடம்" என்றார்கள். ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை, உண்மையில் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் பின்சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தபோது கடைசி ஒரு சாண் மட்டும் பழுப்பாக இருந்தது. புரோக்கர் அதை டீக் கறை என்றார். பின்சீட் பெல்ட்டுக்குள் டீ எப்படிப் போகும் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

மாலையில் நங்கநல்லூரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையின் கிராண்ட் ஐ10 ஆட்டோமேட்டிக் பார்த்தேன். 31,000 கிலோமீட்டர், எல்லா பில்லும் இருக்கிறது, ஒரு கதவில் மட்டும் கேட்டில் இடித்த கோடு. இருபதாயிரம் கூடுதலாகச் சொல்கிறார், இறங்கவே மாட்டேன் என்கிறார்.

கியர்பித்தன்

எடுங்கள். ஓவர்டேக் பண்ணும்போது மட்டும் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளுங்கள்.

பீளமேடு ஒர்க்‌ஷாப்

ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருக்கிறதா பாருங்கம்மா.

மடிப்பாக்கம் மல்லிகா

இருக்கிறது! லோன் எப்போதோ முடிந்துவிட்டது என்றாரே?

பீளமேடு ஒர்க்‌ஷாப்

முடிந்திருக்கும், நிறையப் பேர் நீக்க மறந்துவிடுவார்கள். வங்கியிடம் என்.ஓ.சி.யும் வங்கிப் பெயரை நீக்குவதற்கான, கையெழுத்துப் போட்ட படிவம் 35ம் வாங்கித் தரச் சொல்லுங்கள். அது வந்த பிறகு ஓனர் பெயர் மாற்றும் படிவம் 29, 30 போட்டால் போதும். அதுவரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

மடிப்பாக்கம் மல்லிகா

டீச்சர் திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறார். அட்வான்ஸ் ஐயாயிரம் மட்டும் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

நல்லது. கியர்பித்தன் சார், அந்தப் புன்ட்டோ என்ன ஆயிற்று?

கியர்பித்தன்

மாப்பிள்ளை ஏழாவதாக ஒரு ஸ்விஃப்ட் பார்த்து எடுத்துவிட்டார். புன்ட்டோ என் வீட்டு வாசலில் நிற்கிறது. இடது ஹெட்லைட்டில் மட்டும் லேசாகத் தண்ணீர் கோத்திருக்கிறது. புதுப்பேட்டையில் உங்களுக்குத் தெரிந்த கடை ஏதாவது இருக்கிறதா?