நோர்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) கதைகளில் உங்களை இன்னும் விடாத ஓர் இடம் எது? எழுதுங்கள்

வெண்கரடி:

ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளைச் சாகா என்பார்கள். அதில் ஒன்றான நியால் சாகாவை முடித்து நாளாகிவிட்டது. கொலைகள், வழக்குகள், வம்ச வரிசைகள் எல்லாம் மங்கிவிட்டன. ஒரு விரல் மட்டும் போகவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

பகைவர்கள் நியாலின் வீட்டைச் சுற்றி வளைத்துத் தீ வைத்தாயிற்று. பெண்களும் குழந்தைகளும் வேலையாட்களும் வெளியே வரலாம் என்கிறான் அவர்களின் தலைவன் ஃப்ளோசி. நியாலையும் கூப்பிடுகிறான். மகன்களுக்காகப் பழிவாங்க எனக்கு வயதில்லை, அவமானத்தோடு உயிர்வாழவும் விருப்பமில்லை என்கிறார் கிழவர். மனைவி பெர்க்தோராவும் போகவில்லை. இளவயதில் இவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், இருவருக்கும் ஒரே முடிவு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்கிறாள். இந்த வரியை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள், சரி. என்னைப் பிடித்துக்கொண்டது பேரன் தோர்டு. மருமகன் காரியின் மகன், சின்னப் பையன். "நம்மைப் பிரிக்கவே முடியாது என்று சொன்னாயே பாட்டி" என்று சொல்லி அங்கேயே இருந்துவிடுகிறான். இருவருக்கும் நடுவில் படுக்கிறான். மேலே மாட்டுத்தோலைப் போர்த்தச் சொல்கிறார் நியால்.

பிறகு சாம்பலைக் கிளறும்போது தோலுக்கு அடியில் மூவரும் கருகாமல் கிடக்கிறார்கள். தோலுக்கு வெளியே நீட்டியிருந்த பையனின் ஒரு விரல் மட்டும் எரிந்துபோயிருக்கிறது.

எழுதியவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. 13ஆம் நூற்றாண்டில் எங்கோ ஒரு பண்ணையில் உட்கார்ந்து, இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய தீயை எழுதும்போது, அந்த விரலை விட்டுவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அழுகை, புலம்பல் எதையும் எழுதவில்லை. விரலை எழுதினார்.

உங்களுக்கு எது?

மலைநாட்டு வாசகி:

அதே சாகாதான், ஆனால் நியாலின் நண்பன் குன்னார் சாகும் இரவு. எரிப்பைப் பேசுகிறவர்கள் இதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

வில் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டைச் சூழ்ந்த அத்தனை பேரையும் தடுத்துக்கொண்டிருக்கிறான். நாண் அறுந்துவிடுகிறது. மனைவி ஹல்கெர்த்திடம் கேட்கிறான்: கூந்தலில் இரண்டு கற்றை கொடு, நீயும் அம்மாவும் சேர்ந்து நாணாகத் திரித்துத் தாருங்கள். "இதை நம்பி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறாள். "என் உயிர் இருக்கிறது." உடனே, முன்பு அவன் தன்னை அறைந்ததை நினைவுபடுத்துகிறாள். நீ அதிக நேரம் தாக்குப்பிடித்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்கிறாள். இனி உன்னிடம் கேட்கமாட்டேன் என்கிறான். கேட்கவும் இல்லை.

இந்த ஓர் இரவை வைத்து அவளைப் பேய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று கணவர்கள், மூன்று பேரும் கன்னத்தில் அறைந்தவர்கள். முதல் இருவரையும் கொன்றது அவளை வளர்த்த த்யோஸ்டோல்ஃப். இரண்டாவது கணவர் க்ளூம் சாக வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. கொன்றுவிட்டு வந்த த்யோஸ்டோல்ஃபைத் தன் சித்தப்பா ஹ்ரூட்டிடம் அனுப்புகிறாள், அவர் வெட்டிவிடுகிறார். வளர்த்தவனையே சாவுக்கு அனுப்பியவள் அவள். யாரும் இதைச் சொல்வதில்லை.

வடகடல்:

வாசகி அக்கா, அந்த மூன்றாவது அறை எதற்கு விழுந்தது என்பதை விட்டுவிட்டீர்களே. ஊர் பஞ்சத்தில் கிடக்கும்போது அடிமை ஒருவனை அனுப்பி அடுத்தவன் களஞ்சியத்திலிருந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் திருடி வரச் சொல்கிறாள், களஞ்சியத்துக்குத் தீயும் வைக்கச் சொல்கிறாள். குன்னார் மேஜையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டினான். நீட்டியது தப்பு. ஆனால் அந்தத் திருட்டிலிருந்து கிளம்பிய பகையில் எத்தனை தலை உருண்டது?

அந்த இரவில் என் கண் போவது மாமியார் ரன்வெய்க் மேல். குன்னாரைப் புதைக்கும்போது அவனுடைய ஈட்டிக்கோடரியைக் கூடவே வைக்க விடமாட்டேன் என்கிறாள். அவனுக்காகப் பழிவாங்கத் தயாராக இருப்பவன்தான் அதை எடுக்கலாம் என்கிறாள். மகன் உடல் கிடக்கும்போது ஓர் அம்மா பேசும் பேச்சு அது.

மலைநாட்டு வாசகி:

தம்பி, முதல் அத்தியாயத்தைத் திரும்பப் பாருங்கள். ஹல்கெர்த் தரையில் விளையாடும் குழந்தை. அழகான பிள்ளைதான், ஆனால் நம் குடும்பத்தில் திருடன் கண்கள் எங்கிருந்து வந்தன என்று அதே ஹ்ரூட் சொல்கிறார். திருடும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அப்புறம் அவள் என்ன செய்தால் என்ன?

உப்புக்காற்று:

நீங்கள் இருவரும் தொடருங்கள். எனக்கு ஏகில் சாகாவின் நாயகன், கவிஞன் ஏகில்.

ஏழு வயதுக்குள் கொலை செய்தவன், மன்னர்களோடு மோதியவன். அவன் மகன் பொத்வார் போர்கார்ஃபியோர்தில் மரம் ஏற்றிவரும்போது படகு கவிழ்ந்து மூழ்கிவிடுகிறான். ஏகில் உடலைத் தேடி எடுத்து, தன் அப்பாவின் புதைமேட்டிலேயே அடக்கம் செய்துவிட்டு, படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. அவனிடம் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை. மனைவி, மகள் தோர்கெர்த்துக்கு ஆள் அனுப்புகிறாள்.

மகள் வந்ததும் வீடே கேட்கும்படி சொல்கிறாள்: நான் சாப்பிடவில்லை, செத்து ஃப்ரேயா தேவியின் இல்லத்துக்குப் போகும்வரை சாப்பிடவும் மாட்டேன். அப்பா, கதவைத் திற, இருவரும் ஒரே வழியில் போகலாம். திறக்கிறான். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு எதையோ மெல்லுகிறாள். என்ன அது? கடற்பாசி, சீக்கிரம் சாகலாம் என்று மெல்லுகிறேன். உடம்புக்குக் கெடுதலா? ரொம்பக் கெடுதல், உனக்கும் வேண்டுமா? வாங்கி மெல்லுகிறான். உப்புக்குத் தாகம் எடுக்கிறது. தண்ணீர் கேட்டால் கொம்புக் குவளையில் வருவது பால். ஏமாந்துவிட்டோம் அப்பா என்கிறாள். பல் பதிந்த இடம் வரை குவளையைக் கடித்து உடைக்கிறான் ஏகில்.

அந்தக் கடி! குழந்தையைச் சாப்பிட வைக்கும் தந்திரத்தை அந்த முரட்டுக் கிழவனிடம் மகள் காட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சொல்வது இன்னும் பெரிது. சாவது தள்ளிப்போகட்டும், தம்பிக்கு நீ பாட்டு கட்டு, நான் கட்டையில் செதுக்குகிறேன். அதுதான் சோனாடோர்ரெக், மகனை இழந்த அப்பாவின் பாட்டு. முதல் செய்யுளில் நாக்கைத் தூக்கவே கனமாக இருக்கிறது என்று ஆரம்பிக்கிறான். நான் அந்தப் பக்கத்தை என் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இந்தப் புத்தகத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

நூலகப்படி:

என்னுடையது சிறியது. அரக்கர் மன்னன் உத்கார்த-லோகியின் அரண்மனையில் எல்லி என்ற கிழவி இடித் தெய்வம் தோரை மல்யுத்தத்தில் ஒரு முழங்காலில் உட்கார வைக்கிறாள். பிறகுதான் தெரிகிறது, அவள் முதுமை. மார்வெல் தோரை மட்டும் பார்த்திருந்த எனக்கு அந்த முழங்கால் அதிர்ச்சி.

இந்த இழையைப் பார்த்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பவர்கள் நியாலில் குதித்துவிடாதீர்கள். 159 அத்தியாயம், பாதியில் விட்டுவிடுவீர்கள். ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி தெய்வக் கதைகளைச் சொல்லும் எட்டா என்ற நூலில் கில்ஃபகின்னிங் பகுதியை முதலில் படியுங்கள். கேள்வி பதிலாகப் போகும், உலகம் பிறந்ததிலிருந்து தெய்வங்கள் அழியும் ரக்னரோக் வரை ஒரே ஓட்டம். அதற்குப் பிறகு பழைய பாடல்களின் தொகுப்பான கவிதை எட்டாவில் வோலுஸ்பா, அதே கதையைக் குறிசொல்லும் பெண் தெய்வங்களின் தலைவன் ஓடினுக்குச் சொல்வாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஸ்னோரி எங்கே விரித்திருக்கிறார் என்று தெரியும். அங்கேயே வரும் அறிவுரைப் பாடல் ஹாவமால் ஒரே மூச்சில் வேண்டாம், நாளுக்குக் கொஞ்சம். சாகாக்களில் ஏகில் முதலில், லக்ஸ்தேலா அடுத்து. உப்புக்காற்று சொன்ன அதே தோர்கெர்த் லக்ஸ்தேலாவில் வயதான தாயாக வருவாள், மகன் கொலைக்குப் பழிவாங்கச் சொல்லி மற்ற மகன்களைக் குத்திக்காட்டுவாள். அந்தத் தொடர்ச்சியைத் தவறவிடாதீர்கள். நியால் கடைசி.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள். நியாலுக்கு டேசென்ட் செய்தது 1861. நல்ல உழைப்பு, ஆனால் அந்த ஆங்கிலத்தில் மூச்சு முட்டும். இன்றைய மொழிபெயர்ப்பை நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். வம்சாவளிப் பத்திகளைத் தாண்டாதீர்கள். முதல் பக்கத்தில் பெயராக வந்தவன் நூறு பக்கம் கழித்துக் கோடரியோடு வருவான். ஒரு தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடமும் பக்கத்தில் இருக்கட்டும், பண்ணைகளின் தூரம் தெரியாமல் பகையின் சூடு புரியாது.

கூதிர்காலம்:

நூலகப்படி ஐயா, ஸ்னோரியிலிருந்து ஆரம்பி என்பதோடு எனக்கு உடன்பாடில்லை. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது 1000 வாக்கில். ஸ்னோரி எழுதியது 1220 வாக்கில். தன் முன்னுரையில் ஓடினைத் திராய் நகரிலிருந்து வடக்கே வந்த மனிதன் ஆக்கிவிடுகிறார். ஓடினின் மகன் பால்டர் கதையையே எடுங்கள். ஸ்னோரியிடம் அவன் மாசற்றவன், புல்லுருவிக் கொம்பு பட்டுச் சாகிறான். டென்மார்க்கின் வரலாற்றாசிரியர் சாக்ஸோ சொல்லும் பால்டரோ ஒரு பெண்ணுக்காக அலையும் போர்வீரன், அவனைக் கொல்வது வாள். முதலில் ஸ்னோரியைப் படித்தவர்கள் மற்றதெல்லாம் திரிபு என்று நினைத்துவிடுகிறார்கள். கவிதைகளிலிருந்து ஆரம்பிப்பதுதான் நேர்மை.

இவ்வளவு சொன்னாலும் என்னை விடாதது ஸ்னோரியின் சாவுதான். நோர்வே மன்னர் ஹாகோன் போகக் கூடாது என்று தடுத்தும் 1239இல் ஊர் திரும்பியவர். 1241 செப்டம்பர் இரவு, மன்னருக்காக ரெய்க்ஹோல்ட் பண்ணைக்கு ஆட்களோடு வருகிறவன் கிஸ்ஸூர், ஒருகாலத்தில் இவருக்கு மருமகன். நிலவறையில் ஒளிந்திருக்கும் அறுபதைத் தாண்டிய மனிதரைக் கண்டுபிடிக்கிறார்கள். வெட்டு என்று ஒருவன் சொல்ல, "வெட்டக் கூடாது" என்கிறார் ஸ்னோரி. வெட்டு என்று மறுபடியும். வெட்டக் கூடாது என்று அவரும் மறுபடியும். அவ்வளவுதான். தெய்வங்கள் எப்படிச் சாகும் என்று நமக்கெல்லாம் எழுதித் தந்தவருக்குக் கடைசியில் இருந்தது அந்த ஒரு வாக்கியம். எழுதி வைத்தது அவர் அண்ணன் மகன் ஸ்டூர்லா. சித்தப்பாவை வீரராக்கிக் காட்ட அவர் முயலவே இல்லை. அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

ஒஸ்லோ யாழ்:

நான் இங்கே வந்த புதிதில் மொழி படிப்பதற்காக நூலகத்தில் எடுத்தது வோல்சுங் சாகாவின் சிறுவர் பதிப்பு. கதை தெரிந்த பிறகு ஒஸ்லோவின் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஹிலெஸ்டா தேவாலயத்தின் வாசல் பலகைகள் அங்கே இருக்கின்றன. கொல்லன் ரெகின் வாள் அடிக்கிறான், கதை நாயகன் சிகுர்த் ஃபாஃப்னிர் என்ற டிராகனைக் குத்துகிறான், அதன் இதயத்தை நெருப்பில் வாட்டுகிறான். சூடு பட்ட விரலை வாயில் வைத்தபடி இருக்கிறான். இரத்தம் நாக்கில் பட்டதும் பறவைகள் பேசுவது அவனுக்குப் புரியும் அல்லவா, அந்த நொடி. மேலே மரத்தில் பறவைகள். உச்சியில் பாம்புக் குழியில் குன்னார் கால்விரல்களால் யாழ் மீட்டுகிறான் (நியாலில் வரும் குன்னார் இல்லை, இவன் வேறு).

கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிறவர்கள் இதற்கு நடுவில் நுழைந்திருக்கிறார்கள்! கூதிர்காலம் அண்ணைக்கு என் பதில் அந்தக் கதவுதான். மதம் மாறியவர்கள் கதையைக் கெடுத்தார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது, வாசலில் செதுக்கியும் வைத்தார்கள். ஸ்னோரியும் அந்தக் காலத்து ஆள்தான்.

கூதிர்காலம்:

நல்ல பதில். ஆனால் கதவில் இருக்கும் அதே சிகுர்த் கதை புத்தகத்தில் குறைபட்டுக் கிடக்கிறது. கவிதை எட்டாவின் முதன்மையான பழைய பிரதியான கோடெக்ஸ் ரெகியஸில் எட்டுத் தாள்கள் காணவில்லை, அதுவும் சரியாக சிகுர்த் கதையின் நடுவில். டென்மார்க் அதை 1971இல் கப்பலில் ரெய்க்யாவிக்குக் கொண்டுவந்து திருப்பித் தந்தபோது துறைமுகத்தில் பெருங்கூட்டம். வந்த புத்தகத்திலும் அந்த எட்டுத் தாள்கள் இல்லை. உரைநடை வோல்சுங் சாகாவை வைத்துத்தான் அந்த இடத்தை ஊகிக்கிறோம். பாட்டாக அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

வன்னிக்குருவி:

நான் கொஞ்சம் கிழக்கே போகிறேன். பின்லாந்துக் காவியம் கலேவலா. அதன் நாயகர்களில் ஒருவன் லெம்மின்கைனன் வீட்டில் மாட்டிவிட்டுப் போன சீப்பிலிருந்து இரத்தம் வழிகிறது. தாய்க்குப் புரிந்துவிடுகிறது. கொல்லன் இல்மரினனிடம் பெரிய வாரி ஒன்று செய்யச் சொல்லி, மரண உலகின் ஆற்றில் இறங்கி மகனைத் துண்டு துண்டாக வாரி எடுக்கிறாள். விடு, இதில் இனி மனிதன் இல்லை என்கிறது காகம். அவள் விடவில்லை. எலும்போடு எலும்பைச் சேர்த்துவிட்டுத் தேனீயை வானுக்கு அனுப்பி மருந்து கேட்கிறாள்.

காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மார் எங்கள் ஊரில் இன்னும் வீதியோரம் இருக்கிறார்கள். அந்த வாரியை நான் கதையாக மட்டும் வாசிக்க முடியாது.

வடகடல்:

மன்னிக்கவும், கலேவலா நோர்ஸ் இல்லை. பின்லாந்து மொழியே வேறு குடும்பம். தெய்வங்களும் வேறு. லென்ரோட் 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய்ப் பாடல்களைச் சேகரித்து, 1835இலும் 1849இலும் தானே கோத்து வெளியிட்டது. சாகாக்களோடு சேர்த்தால் புதியவர்கள் குழம்புவார்கள்.

வன்னிக்குருவி:

குழம்பமாட்டார்கள் தம்பி. வேறு மரபு என்று தெரிந்தேதான் எழுதினேன். ஆனால் இங்கே சொன்ன மற்ற எல்லாவற்றையும் நாம் ஆங்கிலத்திலோ நோர்வே மொழியிலோதான் வாசித்தோம். இதை மட்டும் பின்னிஷ் மொழியிலிருந்து நேரே தமிழில், செய்யுளாகவே தந்திருக்கிறார் உதயணன் என்ற ஆர். சிவலிங்கம். ஹெல்சிங்கியில் இருந்த ஈழத்துக்காரர். 1994இல் வெளிவந்தது, பிறகு உரைநடையிலும் எழுதினார். செய்யுள் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 15ஆம் பாடல், வாரி வரும் இடம். வாசித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

வடகடல்:

இறக்கிவிட்டேன் அக்கா. சீப்பு வரைக்கும் வந்திருக்கிறேன். நோர்ஸ் இல்லை என்பதை விடமாட்டேன், ஆனால் இரவு மிச்சத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.