இன்ஜின் சத்தம் காருக்குள் கேட்கணும், தெருவுக்குக் கேட்கக் கூடாது: இன்டேக்கில் என்ன செய்யலாம்?

சிம்மக்கல்_சிட்டி:

அண்ணன்மாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2012 ஹோண்டா சிட்டி, 1.5 ஐ-விடெக் பெட்ரோல், மேனுவல் கியர். வண்டியில் ஒரு குறையும் இல்லை. இந்த இன்ஜின் நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டினால் ஒரு அருமையான குரல் எடுக்கும், வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டால் அதில் பாதிகூட உள்ளே வருவதில்லை. காலையில் நத்தம் பறக்கும் பாலத்தில் ஏறும்போது இரண்டாவது கியரில் கொஞ்சம் இழுத்து, கண்ணாடியை இறக்கி வைத்து, பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவேன். அந்தச் சத்தம் எனக்கு உள்ளேயே வேண்டும்.

சைலன்சரில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் தெருவில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான் அகலம். விடியற்காலையில் வண்டியை எடுக்கும்போது வயதானவர்களை எழுப்பிவிடக் கூடாது. அதனால்தான் இன்டேக் பக்கம், அதாவது இன்ஜின் காற்று இழுக்கும் வழியில் ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிறேன்.

மூன்று இடத்தில் கேட்டேன், மூன்று பதில் வந்தது. ஒருவர் பில்டர் டப்பாவையே தூக்கிவிட்டு கூம்பு பில்டர் போடச் சொல்கிறார். இன்னொருவர் பம்பருக்குப் பின்னால் ஒரு கறுப்பு டப்பா இருக்கும், ரெசனேட்டர், அதைக் கழற்றினாலே போதும் என்கிறார். மூன்றாவது கடையில் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸில் ஒரு டி இணைப்பு போட்டு டியூபை உள்ளே கொண்டுவந்தால் சத்தம் தெளிவாக வரும் என்றார்கள். டொயோட்டா ஜிடி86 காரில் கம்பெனியே இப்படி ஒரு டியூப் வைத்திருப்பதாகவும் படித்தேன். எது சரி?

பைபாஸ்_ஷெட்:

தம்பி, பிரேக் வேக்கத்தில் டி போடச் சொன்னாரே, அந்தக் கடைப் பக்கமே இனிமேல் போகாதீர்கள். அந்த ஹோஸ் திராட்டிலுக்கு (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) அந்தப்பக்கம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டிலிருந்து வருவது. வண்டி ஐடிலில் நிற்கும்போது அங்கே கடுமையான உறிஞ்சல் இருக்கும். அதில் சின்னக் கசிவு வந்தாலும் ஐடில் ஏறி இறங்கும், காற்று கூடிப் பெட்ரோல் கலவை லீன் ஆகும், எல்லாவற்றுக்கும் மேலே பிரேக் மிதி கல்லாகிவிடும். சத்தத்துக்காகப் பிரேக்கில் விளையாடக் கூடாது.

இப்போது சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம், அது புரிந்தால் மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் குழாயில் ஒரு அழுத்த அலை கிளம்பி, காற்று வரும் திசைக்கு எதிராக ஓடி, பில்டர் டப்பாவின் மூக்கு வழியாக வெளியே வருகிறது. நாலு சிலிண்டர் வண்டியில் ஒரு சுற்றுக்கு இரண்டு உறிஞ்சல். மூவாயிரம் ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டால் விநாடிக்கு 100 அதிர்வு, ஆறாயிரத்தில் 200. உங்களுக்குப் பிடித்த அந்தக் குரலுக்கு அடித்தளமே இதுதான். ரெசனேட்டர் என்பது ஒரு கழுத்தும் வயிறும் உள்ள வெற்று டப்பா. குறிப்பிட்ட ஒரு அதிர்வு அதற்குள் போய் எதிர்மாறாகத் திரும்பி வந்து, குழாயில் இருக்கும் அதே அதிர்வை அடித்துவிடும். கம்பெனிக்காரன் அதை வைத்திருப்பது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரைச்சல் தெரியக் கூடாது என்றுதான். பவருக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

இன்டேக் சத்தத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மெதுவாகப் போகும்போது திராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும், அலையை அதுவே மறித்துவிடும். ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால்தான் கதவு திறந்து சத்தம் வரும். உங்கள் தெருவில் ஊர்ந்து போகும்போது ஒருவருக்கும் தெரியாது. சைலன்சரை மாற்றினால் அப்படி இல்லை, ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போதும் மண்டைக்குள் ஊம் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

சரி, கூம்பு பில்டருக்கு வருவோம். சத்தம் வரும், நன்றாகவே வரும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் டப்பா இல்லாமல் இன்ஜின் பேயில் அதைத் திறந்து வைத்தால் ரேடியேட்டரும் புகை மேனிஃபோல்டும் (சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் குழாய்) காய்ச்சிய காற்றைத்தான் அது குடிக்கும். மே மாதம் காளவாசல் சிக்னலில் நிற்கிறீர்கள், வெளியே 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பானட்டுக்குள் 70 டிகிரிக் காற்று உள்ளே போனால் அதன் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அத்தனை பவரும் குறையும். அதோடு காற்று சூடானால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வரும் என்று ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், இக்னிஷன் நேரத்தையும் பின்னுக்கு இழுக்கும். சத்தம் கூடி வண்டி மந்தமானால் யாருக்கு லாபம்? எண்ணெய் தடவிய பில்டராக இருந்தால் இன்னொரு தொல்லை, கழுவிவிட்டு எண்ணெயை அதிகமாக விட்டுவிட்டால் அது போய் உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் மேல் படியும். மேலூர் பக்கம் கிரானைட் லாரிக்குப் பின்னால் ஓடுகிற வண்டிக்கு நான் கம்பெனி பேப்பர் பில்டரைத் தவிர வேறு எதையும் போட்டுக் கொடுப்பதில்லை. கஸ்டமர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ரெசனேட்டரைக் கழற்றவும் வேண்டாம். அதன் கழுத்து குழாயோடு சேரும் இடத்தைத் தேடிப் பிடித்து, ஹோஸை உருவி, குழாய்ப் பக்கத்து மூக்கில் ஒரு ரப்பர் மூடியைப் போட்டுக் கிளாம்ப் அடியுங்கள். மூடி வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து உட்கார வேண்டும், உள்ளே செருகும் கார்க் மாதிரி எதையும் வைக்காதீர்கள், உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஓட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கிளாம்பைத் தளர்த்திப் பழையபடி மாட்டிவிடலாம், ஒரு துளையும் போடவில்லை.

அழகர்கோவில்_ரோடு:

ஷெட் அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஜிடி86 கேள்வியை அவர் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

ஆமாம், ஜிடி86-லும் அதன் ஜோடியான சுபாரு பிஆர்இசட்-லும் இன்டேக்கிலிருந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் இரும்புச் சுவர்) வரைக்கும் ஒரு குழாய் உண்டு. ஃபோர்டு ஃபோக்கஸ் எஸ்டி-யிலும் இதே யோசனைதான். லெக்சஸ் எல்எஃப்ஏ 500 வண்டிதான் செய்தார்கள், அதற்கு இன்டேக் சத்தத்தை உள்ளே கொண்டுவரும் வேலையில் யமஹாவின் கை இருந்தது. பிஎம்டபிள்யூ 2011 எம்5-ல் ஸ்பீக்கர் வழியாக இன்ஜின் சத்தம் போட்டார்கள், அது எனக்கு ஒட்டவில்லை. குழாய் வழியாக வருவது அந்த இன்ஜினின் சொந்தக் குரல்.

என் ஸ்விஃப்ட் பெட்ரோலில் இதைச் செய்து வைத்திருக்கிறேன். முக்கியமான விஷயம், குழாய் திறந்தவாறு உள்ளே வரக் கூடாது. பில்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவில்தான் கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) ஆவி ஹோஸ் சேருகிறது, அந்த எண்ணெய்ப் புகையை யாரும் சுவாசிக்கத் தேவையில்லை. அளக்காத காற்றும் இன்ஜினுக்குள் போய்விடும். ஆகவே நடுவில் ஒரு சவ்வு வேண்டும், தவில் தோல் போல. காற்றை விடாமல் அதிர்வை மட்டும் அடுத்த பக்கம் தள்ளும்.

நான் செய்தது இது. லேத் பட்டறையில் அலுமினியத்தில் இரண்டு வட்ட ஃபிளாஞ்ச் கடையச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இஞ்ச் ஹோஸ் மாட்டுகிற மூக்கு, அதில் ஹோஸ் வழுக்காமல் இருக்க இரண்டு வரி. இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவில் மெல்லிய சிலிகான் ஷீட்டை வைத்துச் சுற்றிலும் சின்னப் போல்ட். ஷீட்டை இழுத்துப் பிடித்து முறுக்கக் கூடாது, தளரவும் விடக் கூடாது, விரலால் தட்டினால் மெல்லிய டம் என்று கேட்டால் சரி. சைக்கிள் டியூப் ரப்பர் வேண்டாம், தடிமனாக இருப்பதால் சத்தத்தைத் தின்றுவிடும், சூட்டில் வெடித்தும் போகும். பிவிசி பைப்பும் பானட்டுக்கு அடியில் ஆகாது, இளகிவிடும்.

இன்டேக் ஹோஸில் புதிதாகத் துளை போடாமல் ரெசனேட்டருக்குப் போன மூக்கையே எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து ஹோஸ் மேல்வழியாக ஃபயர்வாலுக்குப் போகிறது. பல வண்டிகளில் புகை மேனிஃபோல்டு ஃபயர்வால் பக்கம்தான் இருக்கும், உங்கள் சிட்டியில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அதன் மேல் படாமல் கொண்டுபோங்கள், வெப்ப உறையும் போடுங்கள். ஃபயர்வாலில் இரும்பைத் துளைக்கவே இல்லை. இடப்பக்கம், டாஷ்போர்டு குளோவ் பாக்ஸ் பின்னால், ஒயரிங் போகாத ஒரு ரப்பர் குரோமெட் (துளையை அடைக்கும் ரப்பர் வளையம்) இருந்தது, ஹோஸின் வாயை அதன் மேல் அழுத்தி நிறுத்தி பிராக்கெட் போட்டுவிட்டேன். ரப்பர் வழியாகவே சத்தம் உள்ளே இறங்குகிறது. ஸ்டியரிங்கும் பெடலும் இருக்கும் வலப்பக்கம் போகவே வேண்டாம்.

சிறுமலை ஏறும்போது கொண்டை ஊசியில் திரும்பி வெளியே வந்து இரண்டாவது கியரில் மிதித்தால் டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் எழும்பி ஐந்தாயிரத்தில் நன்றாகத் திறக்கும். வெளியே நிற்பவருக்கு அது சாதா ஸ்விஃப்ட்தான்.

திருமங்கலம்_டீசல்:

என்னுடையது டிசையர் டீசல். இதே டியூப் எனக்கும் வேலை செய்யுமா?

வடக்குமாசி_வக்கீல்:

சட்டம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. சத்தம், புகை அளவை மீறினால் 190(2), பத்தாயிரம் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். ரப்பர் மூடிக்காக யாரும் உங்களை ரோட்டில் நிறுத்தமாட்டார்கள் என்றாலும், விபத்து கிளெய்ம் வரும்போது இன்சூரன்ஸ் சர்வேயர் பானட்டைத் திறந்து பார்ப்பார். கூம்பு பில்டர் பளிச்சென்று கண்ணில் படும், அதைக் காட்டிப் பேச ஒரு காரணம் அவருக்குக் கிடைக்கும். கழற்றி மாட்டக்கூடியதாக, ஒரிஜினல் பாகங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மழையும் உண்டு. ஐப்பசியில் கர்டர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்று இழுக்கும் வாயைப் பம்பருக்குக் கீழே இறக்கும் கிட் எதையும் வாங்கிவிடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் அந்தச் செலவைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

சிம்மக்கல்_சிட்டி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கூம்பு பில்டர் எண்ணத்தை விட்டுவிட்டேன். முதலில் ஷெட் அண்ணன் சொன்ன ரப்பர் மூடி, அது பிடித்தால் அப்புறம் சவ்வு வைத்த குழாய். அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். மூடி போட்டுப் பார்க்கும்போது வித்தியாசத்தை எப்படிச் சரியாகக் கேட்பது? ஏசி சத்தமே பெரிதாக இருக்கிறது.

பைபாஸ்_ஷெட்:

நல்ல கேள்வி தம்பி. ஏசி புளோயர் மூன்றிலோ நாலிலோ இருந்தால் எந்த மாற்றமும் காதுக்கு வராது, ஒன்றில் வையுங்கள். அப்புறம் ரீசர்குலேஷனை அணைத்து வெளிக்காற்று பட்டனுக்கு மாற்றிப் பாருங்கள். வைப்பருக்கு அடியில் இருக்கும் காற்று வழி திறந்தால் அதன் வழியாகவே பானட் சத்தம் கொஞ்சம் உள்ளே வரும், இதற்கு ஒரு பைசா செலவில்லை. மூடி போடும் முன்னும் பின்னும் ஒரே ரோடு, ஒரே கியர். ஃபோனை டாஷ்போர்டில் ஒரே இடத்தில் வைத்துப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். ரிங் ரோட்டில் விடிந்ததும் போனால் லாரி குறைவாக இருக்கும்.

ஓபிடி டாங்கிள் (வண்டியின் சென்சார் அளவுகளை ஃபோனில் காட்டும் சின்னக் கருவி) இருந்தால் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பாருங்கள். ரெசனேட்டரை மட்டும் மூடினால் அது ஏறக் கூடாது. ஏறினால் எங்கோ ஒரு ஹோஸ் சரியாக உட்காரவில்லை, பானட் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம்.

டீசல் தம்பிக்கு: உங்கள் வண்டியில் பெட்ரோல்போல திராட்டில் தட்டு காற்றைப் பிடித்து வைத்து விடுவதில்லை, நடுவில் டர்போவின் சக்கரமும் அந்த அலையை உடைத்துவிடும். குழாய் போட்டாலும் பெரும்பாலும் டர்போவின் விசில்தான் கேட்கும், இன்ஜின் குரல் வராது. விசில் பிடிக்கும் என்றால் செய்யலாம். ஆனால் குழாயைப் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் எடுங்கள், டர்போவுக்கு அப்புறம் பூஸ்ட் அழுத்தம் இருக்கும், சவ்வு கிழிந்துவிடும்.

சிம்மக்கல் தம்பி, சர்வீஸுக்கு விடும்போது மூடி போட்டிருப்பதை அட்வைசரிடம் வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மெக்கானிக் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பேரிங்கையும் பெல்ட்டையும் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான், அந்தக் கூலி உங்கள் பில்லில் வரும்.