மே மாத நியூசிலாந்து: கரண்ட் உள்ள முகாமா, மலையடிவாரமா?

வேளச்சேரிவாசி:
மே இரண்டாம் வாரம் நான், மனைவி, அம்மா, ஏழு வயசுப் பையன். கிறைஸ்ட்சர்ச்சில் கேம்பர்வேன் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) எடுத்து ஐந்து நாள் சுற்றல். ராத்திரி வண்டியை நிறுத்தித் தூங்க, டெக்கபோ ஏரிக்கரையில் கரண்ட் உள்ள ஹாலிடே பார்க்கா, மவுண்ட் குக் அடிவாரத்தில் அரசு முகாமான ஒயிட் ஹார்ஸ் ஹில்லா? வீட்டில் இரண்டு கட்சி.

பெரம்பூர் பயணி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒயிட் ஹார்ஸ் ஹில்தான். கதவைத் திறந்தால் பனிமலை, பக்கத்திலேயே ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை. ஹாலிடே பார்க் என்றால் வரிசையாக வண்டிகள். அதற்குக் கோயம்பேடு ஆம்னி பஸ் ஸ்டாண்டே போதுமே!

மயிலை மாமி:
தம்பி, மே என்றால் அங்கே குளிர்காலம் வாசலில் நிற்கிறது. டெக்கபோவே 700 மீட்டர் உயரம், ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஒயிட் ஹார்ஸ் ஹில்லில் கரண்ட் இணைப்பு கிடையாது. வண்டியில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி விளக்கு, தண்ணீர் பம்பு மாதிரிச் சின்ன வேலைகளுக்குத்தான். மின்சார ஹீட்டர், கெட்டில், மைக்ரோவேவ் எல்லாம் வெளி இணைப்பு இருந்தால்தான் ஓடும். நாங்கள் போனபோது, எங்கள் மூச்சுக்காற்றே ஜன்னலில் நீராகி, விடிகாலை இரண்டு மணிக்குத் தலையணையில் சொட்டியது. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் மாமாவுக்குப் பல் தந்தியடித்தது.

பெரம்பூர் பயணி:
அது வண்டியின் குறை மாமி, இடத்தின் குறை இல்லை. டீசல் ஹீட்டர் வைத்த வண்டியாக எடுத்தால் கரண்டே வேண்டாம்.

மயிலை மாமி:
சரி, ஹீட்டரை ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி பெரியவர் எழுந்தால்? அந்தக் குளிரில் பொதுக் கழிவறைக்கு நடக்க முடியாது, வண்டிக்குள் இருப்பதைத்தான் பயன்படுத்துவார். அதன் கழிவு சேரும் பெட்டியைக் காலி செய்யப் போவது நீங்களா?

தாம்பரம் சிக்கனம்:
இரண்டும் எதற்கு? ரோட்டோரம் ஓரங்கட்டித் தூங்கினால் காசு மிச்சம்.

பெரம்பூர் பயணி:
ஐயா, அது நம்ம ஜி.எஸ்.டி. ரோடு இல்லை. கழிவறை, கழிவுநீர்த் தொட்டியோடு சான்றிதழ் வாங்கிய வண்டிக்கே சில இடங்களில்தான் அனுமதி. தடை உள்ள இடத்தில் படுத்தால் அபராதம் 400 நியூசிலாந்து டாலர்.

வேளச்சேரிவாசி:
பெட்டி விஷயத்தில் மனைவி மாமி கட்சிக்குத் தாவிவிட்டாள். டெக்கபோவில் மூன்று இரவு புக் செய்துவிட்டேன். மவுண்ட் குக் அங்கிருந்து 100 கிலோமீட்டர் சொச்சம், காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம்.

பெரம்பூர் பயணி:
இருட்டிய பிறகு அங்கே தெரியும் நட்சத்திரங்களை விட்டுவிட்டீர்களே.

மயிலை மாமி:
டெக்கபோவும் மவுண்ட் குக் மாதிரியே, 2012-இல் அறிவித்த இருள்வானக் காப்பகத்துக்குள்தான் (நட்சத்திரம் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) தம்பி. போர்வைக்குள்ளிருந்து பார்க்கட்டும்.

வேளச்சேரிவாசி:
கடைசியாக ஒன்று. அம்மா இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் கட்டிக்கொண்டிருக்கிறார். விமான நிலையத்தில் பிரச்சினை வருமா?

மயிலை மாமி:
படிவத்தில் உணவுப் பொருள் என்று குறித்துக் காட்டிவிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அதற்கும் அதே 400 டாலர்.