ஒடியல் மாவு தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்? கிடைக்காவிட்டால் கூழுக்கு மாற்று உண்டா?

கேள்வி: கோவை மருமகள்

அனைவருக்கும் வணக்கம். என் மாமியார் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவர். இப்போது எங்களுடன் கோவையில் வசிக்கிறார். மழை பிடித்துக்கொண்டால் அவருக்கு ஒடியற்கூழ் நினைவு வந்துவிடும்; உலர்த்திய பனங்கிழங்கின் மாவான ஒடியல் மாவைக் கரைத்து, நண்டும் மீனும் சேர்த்துக் காய்ச்சுவது அது. நண்டு, இறால், கணவாய், மீன்தலை எல்லாவற்றையும் உக்கடம் சந்தையில் வாங்கிவிடலாம். மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும் அந்தந்தப் பருவத்தில் கிடைக்கின்றன. அவர் பயத்தங்காய் என்று சொல்லும் காராமணிக்காய்க்கும் இங்கே குறைவில்லை. ஒடியல் மாவு ஒன்றுதான் அகப்படவில்லை.

இயற்கை விளைபொருள் விற்கும் கடையொன்றில் பனங்கிழங்கு மாவு என்று ஒரு பொட்டலம் கிடைத்தது. அதைக் கரைத்து ஊற்றியபோது கூழ் லேசாக இனித்ததோடு, மாவு மணல்போல அடியில் தங்கிவிட்டது. மாமியார் ஒரு வாய் பருகிவிட்டு, மீன் சாறு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பனைமரத்தையே மாநில மரமாகக் கொண்ட தமிழ்நாட்டில் இந்த மாவு ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? இங்கே வாங்க வழி உண்டா? இல்லையென்றால், அரிசி மாவோ வேறு மாவோ சேர்த்து அந்தச் சுவையை ஓரளவுக்காவது கொண்டுவர முடியுமா?

பதில்: முத்துநகர்

சகோதரி, நீங்கள் வாங்கியது பெரும்பாலும் அவித்த கிழங்கின் மாவாகத்தான் இருக்கும். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலும் இராமநாதபுரத்திலும் பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நார் உரித்துத் தின்பதே வழக்கம். மாவாக்குவதென்றாலும் அவித்துக் காயவைத்த பிறகே அரைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படி அவித்துக் காயவைத்ததைப் புழுக்கொடியல் என்பார்கள். அதன் மாவைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து உண்ணலாமே தவிர, கூழுக்கு அது உதவாது. கிழங்கின் மாச்சத்து ஒருமுறை வெந்து காய்ந்துவிட்டால், மறுபடி கொதிக்கும்போது பச்சை மாவைப்போல வழுவழுப்பாகக் கூழைத் தடிக்க வைக்காது. அவிக்காமல் பச்சையாகப் பிளந்து உலர்த்துவதே ஒடியல், அந்தப் பழக்கம் இங்கே பரவலாக இல்லை. நம் ஊரில் மரத்துக்குக் குறைவில்லை, கேட்பவர்கள்தான் இல்லை. கேட்பவர்கள் இல்லாத பொருளை யார் உலர்த்தி விற்பார்கள்?

ஆகவே, கடைகளில் அலைவதைவிட வீட்டிலேயே ஒடியல் போடுவது நல்லது. ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளை மண்ணில் புதைத்துவைத்து, மூன்று நான்கு மாதம் கழித்துக் கிழங்கைத் தோண்டுவார்கள். பொங்கலையொட்டிக் கோவைச் சந்தைக்கும் அது கட்டுக்கட்டாக வந்துவிடும். அவிக்காத கிழங்கு வேண்டும் என்று வியாபாரியிடம் சொல்லி வாங்குங்கள். தோலை உரித்து, இரு முனைகளையும் வெட்டிவிட்டு, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை நீக்கிவிட்டு, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். கையால் ஒடித்தால் வளையாமல் சட்டென முறிய வேண்டும், அதுதான் பதம். தை, மாசி வெயில் இதற்கு மிகவும் ஏற்றது. பனி இறங்குவதற்கு முன் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பதில்: ஸ்கார்பரோ அடுக்களை

கனடாவில் இருக்கும் எங்களுக்கு இந்த விடயத்தில் உங்களைவிட அதிர்ஷ்டம் அதிகம் என்பது வேடிக்கைதான். ஸ்கார்பரோவின் தமிழ்க் கடைகளில் ஒடியல் மாவும் புழுக்கொடியலும் அடுத்தடுத்த தட்டுகளில் இருக்கும். இலண்டனிலும் பாரிஸிலும் உள்ள ஈழத்தமிழர் கடைகளிலும் வாங்கலாம். அங்கெல்லாம் உறவினர் யாரேனும் இருந்தால் ஊருக்கு வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் கடையில் நெடுநாள் கிடந்த மாவில் வண்டு விழுந்திருக்கும், மக்கல் நாற்றமும் இருக்கும். வாங்கியவுடன் சலித்து, காற்றுப் புகாத போத்தலில் அடைத்து உறைபெட்டியில் வைத்துவிட்டால் நெடுங்காலம் கெடாது.

மாற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாவு குறைவாக இருந்தால், அதனோடு வறுக்காத அரிசி மாவையும் சிறிது கலந்து தடிப்பை ஈடுகட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். பிள்ளைகளுக்கும் கசப்புக் குறைந்த கூழே பிடிக்கிறது.

பதில்: கைதடியான்

மேலே சொன்ன அரிசி மாவு யோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. ஒடியற்கூழில் முதலிலேயே ஒரு பிடி அரிசி வேகிறது. தடிப்பு மட்டும் போதுமென்றால் அந்த அரிசியே போதும். ஒடியல் தருவது ஒரு மெல்லிய கசப்பையும், கருவாட்டுக்கும் நண்டுக்கும் ஈடுகொடுக்கிற ஒரு மண்வாசனையையும்தான். அவை இல்லாமல் காய்ச்சினால் அது நல்ல மீன் கஞ்சியாக இருக்கலாம், கூழாகாது. உங்கள் மாமியார் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

மாவு கையில் கிடைத்தபின் பலர் தடுமாறுவது கசப்பை நீக்கும் இடத்தில்தான். மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரமாவது அசைக்காமல் வைத்தால், மாவு அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்படி இரண்டு முறை செய்தால் பொதுவாகப் போதும். கசப்பு முழுவதும் போகட்டும் என்று விடாமல் கழுவினால், கடைசியில் வெறும் மாச்சத்துதான் மிஞ்சும். பிறகு பழப்புளிக் கரைசலையும் அரைத்த செத்தல் (காய்ந்த) மிளகாய், மஞ்சளையும் இந்த மாவோடு கட்டியில்லாமல் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பானையில் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயத்தங்காய் ஆகியவை வெந்து, நண்டும் மீனும் இறங்கியபின், இந்தக் கரைசலைக் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஊற்றியபின் கூழ் நன்றாகக் கொதித்து, பச்சை வாசனை முற்றிலும் போயிருக்க வேண்டும். இலங்கையில் எலிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளில், வேகாத பனங்கிழங்கு மாவு நஞ்சாகும் என்பது தெரியவந்தது. எனவே உப்பும் புளிப்பும் சரியா என்று பார்ப்பதைக் கொதித்த பிறகே செய்யுங்கள்.

வாங்குவதைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணத்தில் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் ஒடியலும் மாவும் கிடைக்கும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் கூடியிருக்கிறார்கள்; யாரேனும் வந்தால் சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால், மாவாக வாங்காமல் ஒடியலாகவே வாங்கி உங்கள் ஊரில் இடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஒடியல் வண்டு விழாமல் நாள்பட நிற்கும். எங்கள் பக்கத்தில் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவே எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்டன. அதையும் தாண்டி இன்றும் கிழங்குக்குப் பாத்தி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நேரடியாக வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

மறுமொழி: கோவை மருமகள்

மூவருக்கும் மிக்க நன்றி. வருகிற பொங்கலுக்குப் பச்சைக் கிழங்கு வாங்கி மொட்டை மாடியில் உலர்த்திப் பார்க்கப் போகிறேன். மாமியாரிடம் சொன்னபோது, உரலில் இடிக்காத மாவு சரிவராது என்கிறார். எங்கள் வீட்டில் உரலும் இல்லை, உலக்கையும் இல்லை. மிக்ஸியில் அரைக்கலாமா? மேலும், கடையில் விற்கும் மாவு அவித்ததா அவிக்காததா என்பதைப் பார்த்தவுடன் அறிய வழி இருக்கிறதா?

பதில்: முத்துநகர்

முழு ஒடியலை மிக்ஸியில் போடாதீர்கள், அது கல்லாக இருக்கும், பிளேடு மழுங்கிவிடும். துணியில் சுற்றி அம்மிக்குழவியாலோ சுத்தியலாலோ சிறு துண்டுகளாக உடைத்து, மறுபடி ஒரு பகல் வெயில் காட்டி, மிளகாய் அரைக்கும் மில்லில் கொடுத்துவிடுங்கள். முதலில் மிளகாய்க் காரம் போக ஒரு கைப்பிடி அரிசியை ஓட்டச் சொல்லுங்கள். பிறகு சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் நாரை எறிந்துவிடலாம். சலித்த மாவு நைசாக இருந்தால் உரலா மில்லா என்று கூழில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது என் கருத்து. உங்கள் மாமியார் மறுக்கலாம்.

கடை மாவைப் பொறுத்தவரை நிறமே பாதி சொல்லிவிடும். அவிக்காதது வெளிறி இருக்கும், அவித்தது பழுப்பு மஞ்சளாக இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் காய்ச்சிப் பாருங்கள். பசைபோலத் திரண்டு வந்தால் ஒடியல்.

பதில்: கைதடியான்

உரல் விடயத்தில் நான் மாமியார் பக்கம். மற்றபடி முத்துநகர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஒன்று மட்டும்: கூழ் ஆறினால் இறுகிவிடும், ஆகவே அடுப்பிலிருந்து இறக்கும்போது நீங்கள் நினைப்பதைவிடச் சற்று நீர்க்கவே இறக்குங்கள். பலா இலை கிடைத்தால் அதைக் கோலிக் கரண்டியாக வைத்துக்கொடுங்கள், மாமியாருக்குப் பிடிக்கும்.